101.4-ஐத் தேடி இரண்டரை மாதம்: ஒரு ரேடியோ டியூனர் வாங்கிய கதை

போன மாசியில் அப்பா லால்குடி வீட்டைப் பூட்டிவிட்டு நங்கநல்லூரில் எங்களோடு வந்து தங்கினார். கூடவே வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஈசிச்சேர், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு பழைய டிரான்சிஸ்டர். பத்தே நாளில் அந்த டிரான்சிஸ்டர் வாயை மூடிக்கொண்டது. காலையில் கச்சேரி, செய்தி, ராத்திரி தூங்கும்வரை திருச்சி வானொலி என்று அறுபது வருடம் வாழ்ந்தவர் திடீரென்று சும்மா உட்கார்ந்திருந்தார். மொபைலில் ஆகாசவாணியின் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்தார். "தம்பி, இதுல திருப்புறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டு ஹாலில் இருபது வருடத்து சோனோடைன் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன. ரேடியோவை அதில் இணைத்தால் வீடு முழுக்கக் கேட்குமே என்று தோன்றியது. டியூனர் என்பது ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் இல்லாத வெறும் ரேடியோ. நிலையத்தைப் பிடித்து ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. புதிதாக இப்போது கடைகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை, பழையதுதான் தேட வேண்டும். அப்பாவுக்கு ரேடியோ என்றுதான் ஆரம்பித்தேன். நான்கைந்து நாள் ராத்திரி முழுக்க டியூனர் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட என் மனைவி, "ரேடியோ மாமாவுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

டயலில் முள் ஓடும் அனலாகா, எண் ஒளிரும் டிஜிட்டலா என்பதுதான் என் முதல் குழப்பம். டிஜிட்டல் என்றால் ஒலி சுத்தமாக இருக்கும் என்று நம்பினேன். இதைப் படிக்கிற யாராவது அதையே நம்பிக்கொண்டிருந்தால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டல் டியூனரில் டிஜிட்டலாக இருப்பது நிலையத்தைப் பிடிக்கும் முறை மட்டும்தான். வருகிற எஃப்எம் அலை இரண்டுக்கும் ஒன்றே. லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் "டிஏபி ரேடியோ ஒன்று அனுப்பட்டுமா, அதுதான் நிஜ டிஜிட்டல்" என்று கேட்டான். டிஏபி என்றால் ஒலியையே டிஜிட்டலாக அனுப்பும் ஒலிபரப்பு. அவன் சொன்னது சரிதான், ஆனால் டிஏபி ஒலிபரப்பு நம் நாட்டில் கிடையாது. இங்கே வந்தால் அதிலுள்ள சாதாரண எஃப்எம் மட்டும்தான் வேலை செய்யும். அதை மறுத்தது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தது.

ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் எல்ஐசி ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு மாடிக் கடையில் கறுப்பு நிற டிஜிட்டல் டியூனர் ஒன்று, பச்சை எண்களோடு, புத்தம் புதிதுபோல இருந்தது. "அமெரிக்கா பீஸ் சார். ஜப்பான்காரன் அமெரிக்காவுக்குன்னே செஞ்சது, சும்மா இல்ல" என்றார் கடைக்காரர். அமெரிக்காவுக்கென்றே செய்தது என்ற அந்தச் சொல்லிலேயே என் பிரச்சினை முழுவதும் இருந்தது. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். கடையில் 98.3-ஐப் போட்டுக் காட்டினார், கண்ணாடி மாதிரி ஒலித்தது. 7,500 ரூபாய். அது 120 வோல்ட் சாமான் என்பதால் நம் 230-ஐக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் கட்டி 1,100 ரூபாய் சேர்த்துக்கொண்டார். நேராக நம் பிளக்கில் செருகியிருந்தால் அன்றே புகைந்திருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டைப்பையில் வைத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல மெட்ரோவில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் 98.3 அருமை. 93.5 அருமை. அப்பா கேட்டது 101.4, எஃப்எம் ரெயின்போ. பட்டனை அழுத்தினால் எண் 101.3-இலிருந்து 101.5-க்குத் தாவியது. திரும்பி அழுத்தினால் 101.3. இரண்டிலும் நிலையம் கேட்டது, ஆனால் 'ஸ', 'ச' வருகிற இடமெல்லாம் பிசிறடித்தது. ஸ்டீரியோ விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. தானாகத் தேடும் பட்டனை அழுத்தினால் அந்த இடத்தில் நிற்காமலே ஓடிப்போயிற்று. அப்பா ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாடுறவருக்குத் தொண்டை கட்டியிருக்குபோல" என்றார்.

அந்தத் தாவலை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அதுதான் கோளாறு என்று மண்டையில் ஏறவில்லை, பழைய சாமானுக்கு இதெல்லாம் சகஜம் என்று ஆன்டெனாவின் மேல் பழியைப் போட்டேன். அபார்ட்மென்ட் செயலாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு கேபிள்காரத் தம்பியைப் பிடித்து, மொட்டை மாடியில் எஃப்எம் ஆன்டெனா ஒன்றைக் கட்டி, கேபிள் டிவி ஒயரை மூன்று மாடி இறக்கிக் கொண்டுவந்தேன். சாமானும் கூலியுமாக 2,300 ரூபாய். மற்ற நிலையங்களில் பின்னணி இரைச்சல் சுத்தமாக நின்றது. 101.4-இல் தொண்டைக் கட்டு அப்படியே இருந்தது. அடுத்து, அலைன்மென்ட், அதாவது நிலையத்தைச் சரியாகப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் அமைப்பு, போயிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, "செட் நல்லாத்தான் சார் இருக்கு" என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது உண்மை. செட் நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. கரண்ட் போய் வந்தால் நினைவில் வைத்த நிலையங்கள் எல்லாம் அழிந்து, எண் 87.9-இல் போய் நிற்கும். பழைய டிஜிட்டல் டியூனர்களில் இந்த நினைவைக் காப்பாற்ற உள்ளே ஒரு சின்ன பேட்டரியோ, பேட்டரி மாதிரி வேலை செய்யும் கெப்பாசிட்டரோ இருக்கும். முப்பது வருடத்தில் அது செத்துப்போயிருக்கும். மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வாங்கும்போதே நிலையங்களைப் பதிந்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து செருகிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும். சித்திரை மாதத்து மின்வெட்டில் நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிலையம் பதிந்துகொண்டிருந்தேன்.

உண்மை புரிந்தது ஒரு ராத்திரி. எல்லோரும் தூங்கியபின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, கிழித்த தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் சென்னை நிலையங்களை ஒவ்வொன்றாக எழுதி, சரியாகக் கேட்பதற்கு டிக், பிசிறடிப்பதற்குப் பெருக்கல் குறி போட்டேன். 91.1 டிக். 91.9 டிக். 92.7, 93.5, 94.3, 98.3, 102.3 எல்லாம் டிக். பெருக்கல் குறி விழுந்தவை 90.4, 101.4, 104.8, 106.4. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக் விழுந்த எண் எல்லாம் ஒற்றைப்படையில் முடிகிறது. பெருக்கல் குறி எல்லாம் இரட்டைப்படை. அந்த நேரத்தில் வந்த கோபம் கடைக்காரர் மேல் இல்லை, என் மேல்தான். இரண்டு மாதமாக அந்தப் பச்சை எண்கள் 101.3, 101.5 என்று இதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். டிஜிட்டல் டியூனர் படிக்கட்டில் ஏறுவதுபோல எண்ணுக்கு எண் தாவுகிறது. படிகளின் உயரத்தைத் தொழிற்சாலையிலேயே அந்தந்த நாட்டுக்கு ஏற்ப வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், 87.9, 88.1 என்று ஒற்றைப்படையில் மட்டும் வருகின்றன. அதனால் அங்கே விற்கும் செட்டுக்கு 101.4 என்ற படியே தேவையில்லை. நம் ஊரில் ஒற்றை, இரட்டை இரண்டும் உண்டு. அனலாக் டியூனரோ சறுக்குமரம். குமிழோடு சேர்ந்து சுழலும் கேங் கண்டென்சர் என்ற பாகத்தைத் திருப்பினால் முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், அதற்கு நாடும் தெரியாது, படியும் தெரியாது. திருச்சி வானொலி வருகிற பழைய பட்டையான மீடியம் வேவிலும் இதே கதை. அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், நமக்கு 9. சென்னை நிலையத்தின் 720 இரண்டாலும் வகுபடும் எண் என்பதால் அது மட்டும் அமெரிக்க செட்டில் ஒழுங்காக வந்து என்னை ஏமாற்றியது. அப்பாவின் திருச்சி 936-க்கு 930 அல்லது 940-தான் கிடைத்தது, இரண்டிலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ கேட்டது. கூடுதலாக இன்னொரு சின்ன வித்தியாசமும் உண்டு. எஃப்எம்மில் மேல் சுருதிகளைத் தூக்கி அனுப்பி, செட்டில் இறக்கிக்கொள்ளும் அளவு அமெரிக்காவில் 75 மைக்ரோசெகண்டு, நமக்கு 50. அந்த செட்டில் நம் ஒலிபரப்பு லேசாக மங்கித்தான் கேட்கும். டிரெபிள் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் தெரியாது, அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

ஆகவே டிஜிட்டல் வாங்கினால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். சில மாடல்களில் 9/10 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதிய ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளினால் எஃப்எம் படியும் கூடவே மாறிவிடும். 120 வோல்ட் மட்டும் என்று அச்சிட்டிருந்து, ஸ்விட்சும் இல்லை என்றால் அங்கேயே 101.4-ஐயும் 106.4-ஐயும் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் 98.3-ஐப் போட்டுக் காட்டினால் சிரித்துவிட்டு, இரட்டைப்படை எண்ணைக் கேளுங்கள். ஐரோப்பாவுக்கோ சிங்கப்பூருக்கோ செய்தது என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. மின்சாரமும் நம்முடையதே, படியும் சின்னச் சின்னதாக இருக்கும்.

நான் அந்த செட்டை டிரான்ஸ்பார்மரோடு சேர்த்து 2,500 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவரிடம் இரட்டைப்படை விஷயத்தைச் சொல்லித்தான் விற்றேன். அவர் கேட்பது 98.3 மட்டும்தானாம், சந்தோஷமாக வாங்கிப் போனார்.

அடுத்து அனலாக் தேடினேன். அண்ணா நகரில் ஒரு வீட்டில், மரப்பெட்டியும் வெள்ளி முகப்பும் தேநீர் நிற விளக்கும் உள்ள ஒரு ஜப்பான் டியூனர். பார்த்ததும் மனசு போய்விட்டது. சூடு கண்டவன் என்பதால் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். எஃப்எம் வரிசை 76-இல் ஆரம்பித்து 90-இல் முடிந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானின் எஃப்எம் பட்டை அவ்வளவுதான். நம் நிலையங்கள் தொடங்குவதே அதற்கு மேலே. மின்சாரமும் 100 வோல்ட். அலங்காரத்துக்கு வைக்கலாம், 101.4 கேட்க முடியாது. அந்த வீட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வணக்கம் சொல்லி வந்தேன். அனலாக்கில் இது ஒரு வசதி: டயல் கண்ணாடி பொய் சொல்லாது. எங்கிருந்து எங்கே வரை பிடிக்கும் என்பது எதிரிலேயே எழுதியிருக்கும். டிஜிட்டலில் பட்டனை அழுத்திக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியில் பெரம்பூரில் கிடைத்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், எண்பதுகளில் மைத்துனரிடம் சொல்லி சிங்கப்பூரிலிருந்து தருவித்த டியூனர். நாட்டிலேயே முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. அதைக் கேட்பதற்கென்றே அப்போது ஒரு கூட்டம் இப்படி டியூனர் வாங்கியதாம். டயலில் 88 முதல் 108, பின்பக்கம் வோல்ட்டேஜை மாற்றும் ஸ்விட்ச், 220-இல் இருந்தது. இந்தத் தடவை நான் தயாராகப் போயிருந்தேன். ஆக்ஸ் ஓட்டை உள்ள ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர், அதை டியூனரோடு இணைக்க ஒரு ஆர்சிஏ ஒயர், ஆன்டெனாவுக்கு ஒன்றரை மீட்டர் ஒயர், நிலையங்களை எழுதிய அந்தக் காலண்டர் தாள். டியூனருக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பதால் இதெல்லாம் இல்லாமல் போனால் விளக்கு எரிவதை மட்டும்தான் பார்த்துவிட்டு வர முடியும்.

போட்டதும் ஒரு பக்கம் ஒலியில்லை, ஸ்விட்சைத் தொட்டால் கரகரத்தது, டயல் விளக்கு இரண்டில் ஒன்று எரியவில்லை. ஆனால் 101.4 வந்தது. முள் 101-ஐத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றாலும் பாடுபவரின் தொண்டை சுத்தமாக இருந்தது. பெரியவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே ஓட விட்டேன். இது முக்கியம். பழைய அனலாக் செட் சூடேறச் சூடேற நிலையத்தை விட்டு மெல்ல நகரும். பத்து நிமிடத்தில் லேசாக நகர்ந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, அரை மணிக்குப் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு. குமிழைத் திருப்பும்போது முள் ஒரே சீராகப் போகிறதா, விட்டு விட்டுப் போகிறதா என்பதையும் கையால் உணர்ந்து பாருங்கள். விட்டு விட்டுப் போனால் முள்ளை இழுக்கும் டயல் நூல் அறுகிற நிலையில் இருக்கலாம். அதை மாற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 5,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

ரிப்பேருக்கு நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் போனேன். ஸ்விட்சுகளைச் சுத்தம் செய்தார், ஒலி வராத பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினார், முள்ளையும் எண்ணையும் ஓரளவு ஒத்துப்போக வைத்தார். 1,200 ரூபாய், நான்கே நாள். காத்திருந்தபோது என் அமெரிக்க செட்டின் கதையைச் சொன்னேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுல முன்னாடி போர்டுல ஒரு டையோடு இருக்கும் சார். எந்த நாட்டுக்குப் போகுதுன்னு அந்த டையோடை வச்சுத்தான் கம்பெனியில முடிவு பண்ணுவான். நிறைய மாடல்ல அதை எடுத்துட்டாலோ இடம் மாத்தினாலோ நம்ம ஊர் படிக்கு வந்துரும். எங்கிட்ட கொண்டாந்திருந்தா நூறு ரூபாயில முடிஞ்சிருக்கும்." எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லா மாடலிலும் இது நடக்காது, சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்கவும் கூடாது. ஆனாலும் விற்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணக்குப் போட்டால் முதல் சுற்றில் 11,700 ரூபாய் போட்டு 2,500 எடுத்தேன். ஆன்டெனாவை மட்டும் நஷ்டத்தில் சேர்க்க மாட்டேன், இன்று அனலாக் செட் பாடுவதற்கு அதுதான் காரணம். உண்மையில் எந்த டியூனர் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியை ஆன்டெனாவுக்குக் கொடுங்கள். மாடிக்குப் போக வழியில்லை என்றால் இரண்டு கையும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் வருகிற 'டி' வடிவ ஒயரைத் திரைச்சீலைக் கம்பியோடு ஒட்டி, ஜன்னல் பக்கம் கட்டினாலே போதும். கான்கிரீட்டும் கம்பியும் நிறைந்த ஃபிளாட்டின் நடு அறையில் எவ்வளவு விலையுயர்ந்த டியூனரும் இரையத்தான் செய்யும். ஸ்டீரியோவுக்கு வலுவான அலை வேண்டும், மோனோவுக்கு அவ்வளவு வேண்டாம். இரைந்தால் மோனோ பட்டனை அழுத்துங்கள், பேச்சு நிகழ்ச்சிக்கு அதுவே போதும். மாடியில் கட்டியவர்கள் ஐப்பசி இடி மின்னலில் ஆன்டெனா ஒயரைச் செட்டிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

யாராவது என்னிடம் கேட்டால், எஃப்எம் மட்டும் கேட்பவர்களுக்கு நம் படிக்கு ஒத்துவரும் டிஜிட்டலையே சொல்வேன். போட்டதும் அதே இடத்தில் நிற்கும், நகராது, வீட்டில் யாரும் பயன்படுத்தலாம். மீடியம் வேவும் வேண்டும், குமிழைத் திருப்பும் சுகமும் வேண்டும், அவ்வப்போது மெக்கானிக்கிடம் நடக்கவும் தயார் என்றால் அனலாக். நான் பார்த்தவரை டிஜிட்டல் செட்டில் மீடியம் வேவ் ஏனோதானோ என்றுதான் இருந்தது. பெரம்பூர் செட்டின் முதுகில் மீடியம் வேவுக்கென்று விரல் தடிமனில் ஒரு ஃபெரைட் கம்பி ஆன்டெனா இருக்கிறது, அதைத் திருப்பித் திருப்பி வைத்தால் திருச்சி தெளிகிறது.

அப்பா டயல் கண்ணாடியில் பஞ்சாங்கத் தாளின் ஓரத்தைக் கிழித்து இரண்டு துண்டு ஒட்டியிருக்கிறார். ஒன்று 101.4-க்கு, இன்னொன்று 936-க்கு. எரியாத விளக்கு அந்தப் பக்கம்தான், அதனால் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் முள்ளை வைக்கிறார். விளக்கை மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம், இன்னொரு மூன்று வாரம் மெக்கானிக்கிடம் போய்விடும் என்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் திருச்சி வரத் தொடங்கும், கொஞ்சம் ஏறும், கொஞ்சம் அமுங்கும். எங்கள் சமையலறையின் எல்இடி பல்பு எரிந்தால் அதன் மேல் ஒரே இரைச்சல். இரண்டு கம்பெனி பல்பு மாற்றிப் பார்த்துவிட்டேன், இரண்டும் இரைகின்றன. ஹாலிலிருந்து "தம்பி, அந்த லைட்ட கொஞ்சம் அமத்துப்பா" என்று குரல் வரும். அவர் கேட்டு முடிக்கும்வரை நானும் மனைவியும் மொபைல் டார்ச்சில் பாத்திரம் கழுவுகிறோம்.